முன் சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் நம் சாலைக்கு ஆகாதா?

நொய்யல்வாசி:
பல்லடத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் தினமும் போய்வர 18,000 ரூபாய்க்குள் சைக்கிள் கேட்ட தம்பிக்கு, “முன் சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் வாங்குவது காசைக் கிணற்றில் போடுவதற்குச் சமம்” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஹைப்ரிட் என்பது ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்டது; சஸ்பென்ஷன் என்பது குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்பு. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்த விலையில் வருகிற சஸ்பென்ஷன் போர்க்கினுள், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையினுள், பெரும்பாலும் இருப்பது வெறும் சுருள்வில்தான். துள்ளலை அடக்கும் எண்ணெய் அமைப்பு இருப்பதில்லை. ஆழியாற்றைத் தாண்டி வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்படியொரு சைக்கிளை மிதித்தவன் நான். எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் முன்பக்கம் அமுங்கி எழும்பியது. பாதி உழைப்பை அந்த வில்லே தின்றது. இரண்டாவது மழைக்காலத்தில் ரப்பர் வளையம் கிழிந்து, குழாயின்மேல் மசகும் செம்மண்ணும் கறுப்புக் களியாக ஒட்டியிருந்தன. விரலால் வழித்தபோது அடியில் துரு.

இட்டேரிக்காரன்:
நேற்று எழுதியவன் நான்தான். வால்பாறை ஏறப் போவதாக அந்தத் தம்பி சொன்னாரா? எங்கள் தோட்டத்து இட்டேரியில் இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் முழுக்கக் கல். சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் ஒரே மாதத்தில் எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. மலை ஏறிய பெருமையைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்வாசி:
மணிக்கட்டு வீங்கியது போர்க்கினால் அன்று, டயரில் அடித்த காற்றினால். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை அடித்தால் எந்தச் சைக்கிளும் உதறும். 38 மில்லிமீட்டர் டயரில், 60 கிலோ எடையுள்ளவர் காற்றை 50 பாயிண்ட் (psi) அளவில் வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். அகலமான டயர்தான் ஏழையின் சஸ்பென்ஷன்.

காந்திபுரத்தான்:
பழைய ரோடு பைக்கே மேல். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடத்தில் எதிரே அடிக்கும்போது, நிமிர்ந்து உட்காரும் ஹைப்ரிட்டில் நெஞ்சுதான் பாய்மரம். வளைந்த ஹேண்டில்பாரைத் தாழ்வாகப் பிடித்தால் பாதித் துன்பம் குறையும்.

இட்டேரிக்காரன்:
ஐந்தரை அடி உயரமுள்ள எனக்குச் சென்ற ஆண்டு உயரத்துக்கு மீறிய 58 செ.மீ. சட்டத்தைத் தலையில் கட்டியவர் தாங்கள்தானே? இன்னும் அது மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது.

காந்திபுரத்தான்:
ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினீர்கள். அதை இன்னும் எத்தனை இழைகளில் எழுதுவீர்கள்?

பனியன்தம்பி:
அண்ணா, டியூபில் பிரெஸ்டா என்கிற ஒல்லியான வால்வு இருந்தால் வழியில் உள்ள பஞ்சர் கடையில் காற்று அடிக்க முடியுமா?

நொய்யல்வாசி:
வால்வின்மேல் திருகி மாட்டும் சிறு பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் போதும், தம்பி. ஆனால் முதலில் போர்க் விஷயத்தை முடிவு செய்யுங்கள். வில் வைத்த போர்க் ஏறத்தாழ ஒரு கிலோ கூடுதல் சுமை. அதற்குச் செலவாகும் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் கொடுங்கள்.

இட்டேரிக்காரன்:
ஒரு கிலோவைச் சுமக்க முடியாதவர் வால்பாறை ஏறினாராம். என் இட்டேரிக்கு ஒரு நாள் வாருங்கள்; சஸ்பென்ஷன் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தங்கள் மணிக்கட்டே சொல்லும்.

நொய்யல்வாசி:
வருகிறேன், 38 டயரோடு. தாங்கள் அந்தப் போர்க்கைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுங்கள்.