சுத்தியல், சுண்ணாம்பு, சில்லு: ரோமானிய முறையில் மொசைக் செய்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செய்த அனுபவப் பகிர்வு

மொசைக் என்பது சில்லு எனப்படும் சின்னக் கல் துண்டுகளைச் சாந்தில் பதித்து உருவாக்கும் படம். டைல் வெட்டும் குறட்டை வைத்துக்கொண்டு ரோமானிய மொசைக்கின் தோற்றத்தைக் கொண்டுவர முடியாது. வேண்டியவை இரண்டுதான்: மரக்கட்டையில் நிமிர்த்திச் செருகிய உளி, இரு முனையும் கூராக வளைந்த சுத்தியல். சுத்தியல் 1 முதல் 1.5 கிலோ எடை இருக்கட்டும். கல்லுக்கு டங்ஸ்டன் கார்பைடு முனை நல்லது, வெறும் எஃகு சீக்கிரம் மழுங்கிவிடும். 10 மி.மீ. தடிமனுள்ள சலவைக்கல்லை 10 மி.மீ. அகலப் பட்டைகளாக அறுத்து வைத்துக்கொண்டு, பட்டையை உளியின் விளிம்பில் படுக்க வைத்து, அதற்கு நேர் மேலே சுத்தியலை இறக்க வேண்டும். ஓங்கத் தேவையில்லை, எடையே வெட்டிவிடும். வெட்டு சாய்ந்து வந்தால் உளியின் விளிம்பும் சுத்தியலின் விளிம்பும் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். கல் பொடிந்தால் உளி மழுங்கியிருக்கும், இல்லையேல் கல்லில் ஓடும் நரம்புக் கோட்டோடு சேர்த்து வெட்டியிருப்பீர்கள். உடைந்த முகத்தை மேலே வையுங்கள். ரம்பம் அறுத்த முகம் ஒளியைத் தட்டையாகத் திருப்பும். உடைந்த முகத்தில்தான் படிகம் மின்னும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். கிரானைட், மணற்கல் வெட்டும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

* * *

வெட்டு சரியாக இருந்தும் படம் செத்துக் கிடந்தால் வரிசையைப் பாருங்கள். சில்லுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதுதான் மொசைக்கின் கோடு. இத்தாலியர்கள் இதை ஆந்தமெந்தோ என்கிறார்கள். ரோமானியத் தரைகளில் உருவத்தின் விளிம்பை ஒட்டிப் பின்னணி நிறத்திலேயே ஒன்றிரண்டு வரிசை சுற்றி வரும். அதற்கு அப்பால்தான் பின்னணி தன் நேர்வரிசைக்குத் திரும்பும். இந்தச் சுற்றுவரிசையை விட்டுவிட்டால் பின்னணிச் சில்லுகள் உருவத்தில் மோதி, விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள் சேரும். பார்வை அங்கேயே சிக்கிக்கொள்ளும், அந்தத் துண்டுகள்தான் முதலில் பெயர்ந்தும் வரும்.

வளைவில் சதுரச் சில்லை வைத்தால் வெளிப்பக்கம் ஆப்பு வடிவில் இடைவெளி திறக்கும். ஒரு முனை குறுகிய சரிவகமாக வெட்டினால் வரிசை தானே வளையும். பக்கத்து வரிசைகளின் மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் விழாமல் செங்கல் சுவர்போல மாற்றி மாற்றி வர வேண்டும்.

அளவு முடிவு செய்வதற்கு முன் கணக்குப் போடுங்கள். 10 மி.மீ. சில்லு, 1 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 8,200. அதையே 5 மி.மீ. ஆக்கி, இடைவெளியை 0.5 மி.மீ. ஆக்கினால் 33,000. இத்தாலியின் பழைய பொம்பெயி (Pompeii) நகரில் 1831-ல் கிடைத்து இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அலெக்சாந்தர் மொசைக்கில் சுமார் 15 லட்சம் சில்லுகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். முகங்களுக்கு மட்டும் சின்னச் சில்லு, மற்ற இடத்துக்குப் பெரியது என்று பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

* * *

சில்லுகளைப் பதிக்கும் சாந்துப் படுகையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லும் தரையில் அடியில் கைப்பிடி அளவுக் கற்கள். அதன்மேல் மூன்று பங்கு உடைகல்லுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. அதற்கும் மேலே மூன்று பங்கு ஓட்டுத்தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. சுட்ட களிமண் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து, காற்று எட்டாத ஈரத்திலும் இறுகும். அந்தத் தரைகள் இவ்வளவு காலம் நின்றதில் இந்தத் தூளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பலகை வேலைக்கு நான் பரிந்துரைப்பது: நன்கு ஊறிய சுண்ணாம்புக் குழைவு 1 பங்கு, 1–2 மி.மீ. சலவைக்கல் குருணை 2 பங்கு, செங்கல் தூள் 1 பங்கு, கனஅளவில். படுகை 10–12 மி.மீ. தடிமன். சில்லை அழுத்தும்போது சாந்து அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏற வேண்டும். மேலே வழிந்தால் படுகை அதிகம், பாதிகூட ஏறாவிட்டால் சில்லு நிற்காது. அடித்தளத்தை முதலில் நனைக்காவிட்டால் அது சாந்தின் நீரை உறிஞ்சி, ஒட்டாமல் தனித் தகடாகப் பெயரும். மயிர் விரிசல் வந்தால் சுண்ணாம்போ நீரோ கூடுதல், அல்லது வேகமாகக் காய்ந்திருக்கிறது. ஈரத்துணி போர்த்தி மெல்லக் காயவிடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே வேலையே வேண்டாம். கையுறை போடுங்கள், சுண்ணாம்பு தோலை அரிக்கும்.

சிமெண்ட் பசை அரை மணி நேரத்துக்குள் மேல்தோல் கட்டிவிடும். சுண்ணாம்பு ஈரத்துணியின் கீழ் மணிக்கணக்கில் இளகியே இருக்கும், ஒரு கண்ணின் சாய்வை நாலு முறை திருத்தலாம். அந்த அவகாசத்துக்காகவே சுண்ணாம்பை விடமாட்டேன்.

* * *

சுண்ணாம்பு சரி, ஆனால் நடமாடும் தரைக்குச் சமதளம் வேண்டுமே. அங்கே தலைகீழ் முறைதான். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக வரைந்து, பழுப்புக் காகிதத்தின் பளபளப்பற்ற பக்கத்தில் மைதாப் பசையால் சில்லுகளை முகம் கீழே ஒட்ட வேண்டும். மாவு 1, நீர் 5, காய்ச்சியது. பின்பக்க இடைவெளிகளை முதலில் சாந்தால் நிரப்பி, முதுகைத் துடைத்துவிட்டுச் சிமெண்ட் பசைப் படுகையில் பதியுங்கள். காகிதத்தை நனைத்து 15–20 நிமிடம் பொறுத்து, மூலையிலிருந்து தளத்தை ஒட்டியே மடித்து உரிக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் சில்லும் கூடவே வரும். பெரிய படத்தைத் துண்டாக்கும்போது வரிசையின் ஓட்டத்தைத் தொடர்ந்து வெட்டுங்கள். நேர்கோட்டில் வெட்டிய இடம் பதித்த பிறகு தழும்பாகத் தெரியும்.

* * *

எடையையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்: 10 மி.மீ. சலவைக்கல் மட்டுமே சதுர மீட்டருக்கு 27 கிலோ, சாந்து தனி. சுவரில் மாட்ட அலுமினியத் தேன்கூட்டுப் பலகை ஏற்றது. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஈரத்தில் உப்பி, மூட்டுகளைப் பிளக்கும்.

சில்லுகளின் இடைவெளியைக் கடைசியாக நிரப்பும் இடைச்சாந்தில் பலரும் வெள்ளையைப் பூசிப் படத்தை வெளிறச் செய்கிறார்கள். கல்லின் நடுத்தர நிறத்தை ஒட்டிய சாம்பலோ மண்நிறமோ போதும். நுண்துளையுள்ள கல்லை முன்கூட்டி நனைக்காவிட்டால் சாந்தின் நிறமி உள்ளே இறங்கிக் கறையாகும். அந்தக் கறைக்கு வினிகரோ அமிலமோ தொடாதீர்கள், சலவைக்கல்லை அது அரித்துவிடும். வெந்நீரும் நார்த் தூரிகையும்தான்.