மின் பற்றாக்குறை இல்லையாம், அப்புறம் ஏன் கரண்ட் போகிறது?

கேள்வி:
மாநிலத்தில் தேவைக்கு மேலேயே மின்சாரம் இருக்கிறது என்று அறிக்கை வருகிறது. ஆனால் கொஞ்சம் காற்றடித்தாலே எங்கள் தெரு இருட்டாகிவிடுகிறது, எதிர்த் தெருவில் விளக்கு எரிகிறது. இது கிரிட் (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் பெரிய மின் வலையமைப்பு) கோளாறா, இல்லை லோக்கல் கோளாறா? யாரைக் கேட்பது?

பதில் 1:
எதிர்த் தெருவில் எரிகிறதென்றால் கிரிட் இல்லை நண்பரே. இரண்டு தெருவும் வேறு வேறு டிரான்ஸ்ஃபார்மரிலோ ஃபீடரிலோ (துணைமின் நிலையத்திலிருந்து தெருக்களுக்கு வரும் லைன்) இருக்கும். துணைமின் நிலையம் வரை வரும் உயரழுத்த லைன்களுக்குப் பெரும்பாலும் மாற்று வழி உண்டு, ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். அங்கிருந்து தெருவுக்கு வரும் 11 கேவி லைனுக்குப் பல இடங்களில் அது கிடையாது, ஒரு மரக்கிளை உரசினால் போதும், பிரேக்கர் (இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகி அந்த லைன் மொத்தமும் போய்விடும். நாம் வீட்டில் பார்க்கிற மின்தடையில் பெரும்பகுதி இந்த வகைதான். அறிக்கை உண்மையாகவே இருக்கலாம், அதற்கும் உங்கள் தெருவுக்கும் சம்பந்தமில்லை.

பதில் 2:
கிரிட்டே தடுமாறினால் எப்படி இருக்கும் என்பதற்கு 2021 பிப்ரவரி டெக்சாஸைப் பாருங்கள். கடுங்குளிரில் எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையக் கருவிகளும் உறைந்து, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய மின்சார அதிர்வெண் (தேவைக்கு உற்பத்தி போதாவிட்டால் இது இறங்கும்) 4 நிமிடம் 23 வினாடி 59.4-க்குக் கீழே கிடந்தது. 9 நிமிடம் ஆகியிருந்தால் மிச்ச நிலையங்களும் தானாகக் கழன்றுகொண்டு அந்த கிரிட் முழுவதுமே விழுந்திருக்கும். அதைத் தடுக்கத்தான் லட்சக்கணக்கான வீடுகளுக்கு வேண்டுமென்றே கரண்டை நிறுத்தினார்கள். அதில் எரிவாயுவை அழுத்தி அனுப்பும் இடங்களும் சிக்கி, எரிவாயு இன்னும் குறைந்தது! நிறுத்தக்கூடாத இடங்கள் என்று முன்பே பட்டியலில் சேர்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம், அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். அதே மாநிலத்து எல் பாசோ நகரம் அந்த கிரிட்டில் இல்லை, அமெரிக்காவின் மேற்கு கிரிட்டில் இருக்கிறது, 2011 குளிருக்குப் பிறகு நிலையங்களையும் பலப்படுத்தியிருந்தார்கள், அங்கே பெரிய பாதிப்பில்லை.

பதில் 3:
மனு போடுவதென்றால் உங்கள் ஃபீடரின் கணக்கைக் கேளுங்கள்: ஒரு நுகர்வோருக்கு வருஷத்தில் சராசரியாக எத்தனை முறை போனது, மொத்தம் எத்தனை நிமிடம். மாநிலச் சராசரியில் உங்கள் தெரு காணாமல் போய்விடும். பல இடங்களில் பெரும்புயல் நாட்களைத் தள்ளிவிட்டுத்தான் கணக்கு காட்டுவார்கள், ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் அமைப்பின் 1366 தரநிலையே அதற்கு இடம் கொடுக்கிறது. அதனால் சேர்த்த எண், சேர்க்காத எண் இரண்டையும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, கேட்கிறேன். எங்கள் ஃபீடர் எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 1:
டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைக் குறித்துக்கொண்டு உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்துக்குப் போங்கள், அதை வைத்து அவர்களே சொல்லிவிடுவார்கள். எழுத்துமூலமாக வாங்குங்கள்.