சீனா: கட்டி முடிக்காத வீட்டுக்கு மாதத் தவணை கட்டவேண்டி வந்தது எப்படி?

தேன்மொழி:
2008 ஆகஸ்டில் பெய்ஜிங்–தியான்ஜின் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. 2023 முடிவில் நாடு முழுக்க அதிவேக ரயில் பாதை 45,000 கிலோமீட்டர். ஒரே தலைமுறையில் இவ்வளவையும் பார்த்தவர்களுக்கு நாளைய பொழுதின் மேல் நம்பிக்கை இருப்பது புரிகிறது. ஆனால் 2021-ல் அங்கே இளைஞர்களிடம் 'தாங்பிங்', அதாவது பேசாமல் படுத்துக்கொள்வது, என்ற சொல் பரவியது. 2022 ஜூன் கடைசியில் ஜிங்தேசென் நகரில் வீடு வாங்கியவர்கள் 'இனித் தவணை கட்டமாட்டோம்' என்று கடிதம் வெளியிட, பல நகரங்களில் அதுபோல் கடிதங்கள் வந்தன. முடியாத வீட்டுக்கு ஏன் தவணை? பணம் எங்கே போனது? நடைமுறை தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

கணக்குப்பிள்ளை:
1998 வரை நகரத்தில் வீடு என்பது வேலை செய்யும் நிறுவனம் ஒதுக்கித் தருவது. அந்த ஆண்டு அந்த முறையை நிறுத்தி, விலைக்கு வாங்கச் சொன்னார்கள். மத்திய வங்கியின் 2019 கணக்கெடுப்பின்படி நகரக் குடும்பங்களில் 96% சொந்த வீடு உள்ளவை. அவர்கள் சொத்தில் 59.1% வீடுதான். வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தவரை நம்பிக்கையும் ஏறியது.

விற்பனை நடக்கும் விதம் இது. கட்டுநர் நிலத்துக்கான தொகையை முழுதும் செலுத்தி, திட்ட அனுமதி பெற்று, மொத்தக் கட்டுமான முதலீட்டில் 25% போட்டுவிட்டால் முன்விற்பனை அனுமதி கிடைக்கும். வாங்குபவர் முன்பணம் (முதல் வீட்டுக்குப் பல நகரங்களில் அப்போது 30%) கட்டி ஒப்பந்தம் போடுவார். மீதிக் கடனை வங்கி மொத்தமாகக் கட்டுநருக்கு விடுவிக்கும். தவணை உடனே ஓட ஆரம்பித்துவிடும். சாவி வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

இதில் இரண்டு காவல்கள் இருக்கவேண்டும். மேல்தளம் போட்டு முடிந்த கட்டடத்துக்கு மட்டுமே வீட்டுக்கடன் தரலாம் என்று 2003-லேயே மத்திய வங்கி விதி போட்டது. இரண்டாவது, முன்பணமும் கடனும் உள்ளூர் அரசு மேற்பார்க்கும் கண்காணிப்புக் கணக்கில் விழுந்து, அஸ்திவாரம், மேல்தளம், ஒப்படைப்பு என்று வேலை நகர நகர வெளியே வரவேண்டும். இரண்டுமே பல இடங்களில் மீறப்பட்டன. பணம் சில சமயம் அந்தக் கணக்குக்கே போகவில்லை; போன பணமும் சீக்கிரமே எடுக்கப்பட்டு அடுத்த நிலம் வாங்கப் போனது. கண்டிக்கவேண்டிய உள்ளூர் அரசுக்கு அதே நில விற்பனைதான் வருமானம்: 2021-ல் நாடு முழுக்க சுமார் 8.7 லட்சம் கோடி யுவான்.

2020 ஆகஸ்டில் கட்டுநர்களின் கடனுக்கு 'மூன்று சிவப்புக் கோடுகள்' என்ற அரசு வரம்புகள் வந்தன. முன்பணம் நீங்கலாகக் கடன் சொத்தில் 70%-க்குள், நிகரக் கடன் (கையிருப்பைக் கழித்தது) பங்கு முதலுக்குள், கையிருப்பு குறுகியகாலக் கடனுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்றார்கள். கோடு தாண்டியவர்களுக்குப் புதுக் கடன் சுருங்கியது. பழைய கட்டடத்தை முடிக்கப் புது விற்பனையை நம்பியிருந்தவர்களால் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க முடியவில்லை, வேலை நின்றது. அப்படி நின்றவற்றுக்கு 'லான்வெய்லோ', வால் அழுகிய கட்டடம், என்று பெயர். பெரிய கட்டுநர் நிறுவனமான எவர்கிராண்டே 2021 டிசம்பரில் கடன் தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் கலைப்பு உத்தரவு போட்டது.

தேன்மொழி:
நன்றி ஐயா. தவணையை நிறுத்தினால் வாங்கியவருக்கு என்ன ஆகும்?

நெய்தல்:
வீட்டு ஒப்பந்தம் கட்டுநரோடு, கடன் ஒப்பந்தம் வங்கியோடு, இரண்டும் தனித்தனி. வீடு வரவில்லை என்பது வங்கிக்குப் பதிலாகாது. தவணை தவறினால் முதலில் கடன் வரலாற்றில் பதிவாகும், பிறகு வழக்கு. தீர்ப்புக்குப் பிறகும் கட்டாதவர் மீது நீதிமன்றம் செலவுக் கட்டுப்பாடு விதித்தால் விமானப் பயணம் கிடையாது. ஜி வரிசை அதிவேக ரயிலில் எந்த வகுப்பிலும் சீட்டு வாங்க முடியாது. நீங்கள் முதலில் சொன்ன அதே அதிவேகப் பாதைகளில் ஓடுபவைதான் இவை. ஏமாற்றப்பட்டவர் மீது இந்தச் சுமை விழுவது மனதைப் பிசைகிறது.

ஆகவே வெறுமனே தவணையை நிறுத்தாமல், வீட்டு ஒப்பந்தத்தையும் கடன் ஒப்பந்தத்தையும் சேர்த்தே ரத்துசெய்ய வழக்குப் போடுவதுதான் சரியான வழி. 2023 ஏப்ரலில் உச்ச மக்கள் நீதிமன்றம் தந்த விளக்கம் இதற்கு உதவும்: குடியிருக்க வாங்கியவருக்கு வீடு தர வழியே இல்லையென்றால், பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை ஒப்பந்தக்காரர் பாக்கிக்கும் அடமானத்துக்கும் முந்தியது. ஆனால் கட்டுநரிடம் சொத்து மிஞ்சியிருந்தால்தான் பணம் கைக்கு வரும்.

வழிப்போக்கன்:
ஒன்று சேர்க்கிறேன். 2024 மே மாதத்தில், முதல் வீட்டுக்கான முன்பணத்தின் குறைந்தபட்ச அளவை 15% ஆக்கினார்கள். ஆனாலும் இளைஞர்கள் தயங்குவதற்குக் காரணம் முன்பணம் அல்ல, தவணை கட்ட முப்பது ஆண்டுக்குச் சம்பளம் வருமா என்ற பயம். 2023 ஜூனில் 16–24 வயதினரின் நகர வேலையின்மை 21.3%. அதன்பின் வெளியீட்டை நிறுத்தி, மாணவர்களை நீக்கிக் கணக்கிட்டபோது டிசம்பரில் 14.9%.

ஹைனானில் 2020 மார்ச் முதல் புதிதாகத் தரும் நிலத்தில் கட்டி முடித்த வீட்டைத்தான் விற்கலாம். மற்ற ஊர்களில் முன்விற்பனையில் வாங்குகிறவர்கள் முதலில் ஐந்து சான்றிதழ்களையும் (நில உரிமை, நிலத் திட்டம், கட்டடத் திட்டம், கட்டுமானம், முன்விற்பனை ஆகியவற்றுக்கானவை) பார்க்கவேண்டும். பணம் போகும் கணக்கின் எண், முன்விற்பனை அனுமதியோடு பதிவான கண்காணிப்புக் கணக்கின் எண்தானா என்று ஒப்பிடவேண்டும். விற்பனையாளர் வேறு கணக்கு எண் நீட்டினால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.