நெக்சஸ்: கால்பதிப்பா, வரிக்கட்டா, வரிக்கிழமையா?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு இணையத்தில் நேரடியாக விற்கும் கரூர், திருப்பூர்க்காரர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாநில விற்பனை வரி பற்றிய அத்தியாயத்தில் ‘நெக்சஸ்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வெளியூர்க் கடையிடம் ‘எங்கள் மக்களிடம் வரி வசூலித்துக் கட்டு’ என்று ஒரு மாநிலம் கேட்க, அந்தக் கடைக்கும் மாநிலத்துக்கும் இருக்க வேண்டிய ஒட்டுறவு அது. ‘கால்பதிப்பு’ என்று போட்டிருக்கிறேன். தகுமா?
— செ.

செ. ஐயா,

1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த குவில் தீர்ப்போடு நின்றிருந்தால் கால்பதிப்பு பொருத்தமான சொல். வடக்கு டகோட்டாவில் கடையோ விற்பனையாளரோ இல்லாமல் அஞ்சல் வழி விற்ற நிறுவனத்தை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்றது அது. வாங்கியவரே ‘யூஸ் டாக்ஸ்’ கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். கட்டியவர்கள் மிகக் குறைவு. 2018 ஜூன் 21 அன்று, வேஃபேர் என்ற இணையக் கடை மீது தெற்கு டகோட்டா தொடுத்த வழக்கில், 5-4 என்ற கணக்கில் அதே உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. ஆண்டில் 1,00,000 டாலருக்கு மேல் விற்பனை, அல்லது 200 தனித்தனி விற்பனை: அன்றைய தெற்கு டகோட்டா சட்டத்துக்கு அது போதுமாயிருந்தது. கால் பதியாத ஊரிலும் வரி என்பதுதான் அந்த வழக்கே. ‘கால்பதிப்பு’ என்று படிப்பவர், ‘நமக்கு அங்கே ஆபீஸ் இல்லையே’ என்று நிம்மதியாக இருந்துவிடுவார்.
— ர.

அன்பர்களே,

நெக்சஸ் லத்தீனில் ‘கட்டுதல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. ஆகவே ‘வரிக்கட்டு’. காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்குக்குப் புலிப்பொறி இட்டு உல்கு, அதாவது சுங்கம், கொண்டார்கள். குறள் 756இலும் ‘உல்கு பொருள்’ உண்டு. சரக்கு துறையைத் தொட்டதும் வரி பிறந்தது. அதை வைத்து ‘தொடுப்பு’ என்றும் சொல்லலாம்.
— மா.

மா. ஐயா, தொடுப்புக்குப் பேச்சுவழக்கில் என்ன பொருள் என்பது தங்களுக்குத் தெரியும். கையேட்டில் வேண்டாம். வரிக்கட்டில் வேறு சிக்கல். ‘வரியைக் கட்டு’ என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது: வரி கட்டு. வரியால் வந்த கட்டு என்றால்தான் ‘வரிக்கட்டு’. அச்சில் ஓர் ஒற்று விழுந்தால் ‘கலிபோர்னியாவில் உனக்கு வரி கட்டு உண்டா’ என்று நிற்கும்.
— அ.

அ. அம்மா சொல்வது சரி, இரண்டையும் விட்டுவிடுகிறேன். ‘கிழமை’யைப் பாருங்கள். குறள் 801 ‘கிழமையைக் கீழ்ந்திடா நட்பு’ என்கிறது. உறவால் வரும் உரிமை. ஆறாம் வேற்றுமையில் தற்கிழமை (பிரிக்க முடியாத உடைமை), பிறிதின்கிழமை (பிரியக்கூடிய உடைமை) என்று வகையும் தயாராக இருக்கிறது. அங்கே ஆளோ கிடங்கோ இருந்தால் தற்கிழமை. விற்றுமுதலால் மட்டும் வந்தால் பிறிதின்கிழமை. இரு வகை நெக்சஸுக்கும் இதைவிட நல்ல இணை கிடைக்காது.
— மா.

ஐயா, வரிக்கிழமை என்றால் வரி கட்ட வேண்டிய நாள் என்றுதான் கரூரில் படிப்பார்கள். மேலும் ‘சாத்தனது கை’ தற்கிழமை, ‘சாத்தனது வீடு’ பிறிதின்கிழமை. கிடங்கு வீட்டோடு சேரும், கையோடு சேராது. இலக்கணப்படியே ஒப்புமை நிற்கவில்லை.
— அ.

சொல்லை வைத்து விற்பவர் என்ன செய்யப்போகிறார் என்பதையும் பார்ப்போம். தன் சொந்தத் தளத்தில் விற்பவர் மாநிலவாரியாக மொத்த விற்பனையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். டெக்சஸ், கலிபோர்னியாவில் வரம்பு 5,00,000 டாலர். பல மாநிலங்களில் 1,00,000. அமேசான் போன்ற சந்தைத்தளத்தில் விற்றதற்குத் தளமே வசூலித்துக் கட்டிவிடும், ஆனால் சில மாநிலங்கள் அந்த விற்பனையையும் வரம்புக் கணக்கில் சேர்க்கும். வரம்பு தாண்டினால் முதலில் பதிவு, பிறகுதான் வசூல். பதிவில்லாமல் வரி என்று வாங்குவது குற்றம். வசூலிக்காமல் விட்டால் பழைய வாடிக்கையாளரிடம் போய்க் கேட்க முடியாது, கைக்காசுதான். 200 கணக்கு எவ்வளவு கொடியது என்றால், 10 டாலர் மேசை விரிப்பை 200 பேருக்கு அனுப்பினால் 2,000 டாலர் விற்பனைக்கே நெக்சஸ். தெற்கு டகோட்டாவே 2023 ஜூலையில் அதைக் கைவிட்டது. சில மாநிலங்களில் இன்னும் இருக்கிறது.

அங்குள்ள கிடங்கில் நம் சரக்கு இருந்தால் பொதுவாக இந்த வரம்பையே பார்ப்பதில்லை. அதற்குத் தமிழில் ஒரு சொல் காத்திருக்கிறது: இருப்பு. அங்கே இருத்தலும் இருப்பு, கிடங்கில் கிடக்கும் சரக்கும் இருப்பு. ஆக ‘இருப்புத் தொடர்பு’, ‘விற்பளவுத் தொடர்பு’; பொதுப்பெயர் ‘வரித்தொடர்பு’. விற்பனை அளவால் வரும் ‘எகனாமிக் நெக்சஸ்’ என்பதை அப்படியே ‘பொருளாதாரத் தொடர்பு’ என்றால் இரு நாட்டு உறவு போல ஒலிக்கும்.
— ர.

இருப்பு அருமை. ஆனால் தணிக்கையாளர் தொலைபேசியில் ‘நெக்சஸ் வந்துடுச்சு’ என்றுதான் சொல்வார். முதல் வருகையிலாவது நெக்சஸ் என்ற ஒலிப்பையும் பக்கத்தில் போடுங்கள்.
— க.

அனைவருக்கும் நன்றி. வரித்தொடர்புக்கு ஐந்து பேர், கிழமைக்கு ஒருவர். ர. சொன்ன மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். சொல்லடைவில் நெக்சஸ் இருக்கும். ‘யூஸ் டாக்ஸ்’ இன்னும் பாக்கி. ‘பயன்பாட்டு வரி’ என்று போடலாமா?
— செ.

தொடர்பு என்பது தொலைபேசி எண்ணுக்கு மேலே போடுகிற சொல். அதில் உரிமை என்ற பொருளே இல்லை. மாநிலம் உரிமையோடு கேட்கிறது என்பதுதானே இங்கே செய்தி. நான் கிழமையை விடவில்லை. யூஸ் டாக்ஸுக்கு ‘துய்ப்புவரி’. காரணத்தை இரவு எழுதுகிறேன்.
— மா.