026 எண்டு குடுத்தா 22 வருது, இது ஆரின்ர பிழை?

உப்புவெளியான்:
கடைக் கணக்கை பேக்கப் எடுக்க பாஷ் எண்ட கட்டளை மொழியில ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சனான். மாசம் முதலாம் திகதி ஓடும், மாசத்தை வச்சுக் காலாண்டைக் கணக்குப் பாத்து ஃபோல்டருக்குப் பேர் போடும். ஜனவரியில இருந்து ஜூலை வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. ஓகஸ்ட் 1 விடிய விழுந்து கிடக்குது. 08 எண்டா எண்மமாம் (எட்டை அடியா வச்ச எண், 0 தொடக்கம் 7 வரைதான் இலக்கம்), அந்த அடிக்குப் பெறுமானம் கூடிப்போச்சாம்! சும்மா எங்கட திருமலை ரெலிபோன் கோட் 026ஐப் போட்டுப் பாத்தன், 22 எண்டுது. ஆர் கேட்டது இதை?

டொக்யாட் வாசி:
தம்பி, 2×8+6 எவ்வளவு? 22. அது சரியாத்தான் சொல்லியிருக்கு. முன்னுக்குப் பூச்சியம் வந்தா எண்மம் எண்டு மனுவலிலயே கிடக்கு. 10#08 எண்டு, அதாவது பத்தை அடியா வச்சு எடு எண்டு எழுதியிருந்தா அலுவல் முடிஞ்சுது. 026ஐக் கூட்டிக் கழிக்கப் போறீரோ? அது ஸ்ட்ரிங், வெறும் எழுத்துத் தொடர்.

உப்புவெளியான்:
அண்ணை, கோட் ஸ்ட்ரிங்தான், விடுங்கோ. மாசம்? அதைக் கழிக்கத்தானே வேணும். பள்ளிக்கூடத்தில ஆரும் 08ஐ எண்மம் எண்டு படிப்பிச்சதோ?

டொக்யாட் வாசி:
சும்மா வந்த வழக்கமில்லை. கென் தொம்சன் பி மொழியை எழுதின பிடிபி-7 கம்பியூட்டரில ஒரு சொல் (மெசின் ஒரே தரத்தில கையாளுற அளவு) 18 பிட். மூண்டு மூண்டாப் பிரிச்சா ஆறு எண்ம இலக்கம், மிச்சமே வராது. பியில இருந்து சி, சியைப் பாத்து ஜாவா, பிஎச்பி எல்லாம்.

நிலாவெளி ரீச்சர்:
அந்த மெசின் போய் எத்தினை வருசம்! எனக்கு எண்மத்தில கோவமில்லை, பேசாம மாத்திறதிலதான் கோவம். கண்டி 081ஐக் குடுத்தா பாஷ் கத்தும், நல்லது. யாழ்ப்பாணம் 021 சத்தமில்லாம 17 ஆகிடும். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம், ஸ்ட்ரிக்ட் மோட் (இறுக்கமான விதிமுறை) இல்லாட்டி 08உம் 8, 010உம் 8. ரெண்டும் சமனாம்! 2008இல வந்த பைதன் 3தான் ஒழுங்கு: 026 எண்டு எழுதினா ஓடவே விடாது, எண்மம் வேணுமெண்டா பூச்சியத்துக்குப் பக்கத்தில ஓ எழுத்தைப் போடச் சொல்லும்.

டொக்யாட் வாசி:
அப்ப ரஸ்ட் மொழி? அதில 010 பத்துத்தான். சி எழுதிப் பழகினவன் ஃபைல் பெர்மிஷனுக்கு (ஃபைலை ஆர் பாக்கலாம், மாத்தலாம் எண்டதுக்கு) எண்மமா நினைச்சு 0755 எண்டு போட்டா எழுநூற்று ஐம்பத்தைஞ்சா எடுக்கும். அதுவும் பேசாமத்தானே, ரீச்சர்?

நிலாவெளி ரீச்சர்:
ஓம், அதை ஒத்துக்கொள்ளுறன். அதுக்கும் பைதன் மாதிரி மறிச்சிருக்கலாம்.

உப்புவெளியான்:
10# போட்டிட்டன், ஓடுது. செப்டம்பர் ஒண்டுக்குப் பாப்பம். இனி வாடிக்கையாளரின்ர போன் நம்பரெல்லாம் எக்செல்ல கிடக்கு. அது 07இல இருந்த பூச்சியம் எல்லாத்தையும் திண்டு முடிச்சிட்டுது. அதுக்கு வேற இழை திறக்கிறன்.