ஆலைத் தொழிலாளர் ஆவணங்களை மின்வடிவில் காக்க வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மூடப்பட்ட ஆலைகளில் உழைத்தவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் இருக்கும் ஒளிப்படங்கள், சம்பளச் சீட்டுகள், இயந்திர வரைபடங்கள் ஆகியவற்றைத் திரட்டி, எவரும் தேடிப் பார்க்கக்கூடிய மின்னாவணக் காப்பகம் ஒன்றை நாங்கள் சிலர் உருவாக்கி வருகிறோம். ஒளிப்படங்களை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, மூலப்படியை டிஃப் கோப்பாகவும் பார்வைப்படியை ஜேபெக் கோப்பாகவும் சேமிக்கிறோம். ஒரு படி எப்போதும் வேறோர் இடத்தில் இருக்கும். இதில் சிக்கல் இல்லை.

விவரக்குறிப்பு எழுதுவதில்தான் தடுமாறுகிறோம். ஆவணங்களை விவரிப்பதற்கான பொதுத் தரமாகிய டப்ளின் கோர் முறையின் 15 கூறுகளில் தலைப்பு, நாள், ஆக்கியவர் போன்றவை எளிதில் அடங்கிவிடுகின்றன. ஆனால், பின்புறத்தில் பென்சிலால் ‘இரவு ஷிப்ட், பாய்லர் அறை’ என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு படத்தில், நிற்பவரின் வலக்கையில் இரு விரல்கள் இல்லாததை எந்தக் கூறில், எந்தச் சொற்களால் பதிவது? அவரிடமோ குடும்பத்தாரிடமோ ஒப்புதல் பெறாமல் அதை வெளியிடுவது முறையன்று என்றே கருதுகிறேன்.

மின்னாவணத் தொகுப்புகளை இணையத்தில் வெளியிட உதவும் ஒமேகா (Omeka) மென்பொருளில் தமிழ்த் தொகுப்புகளைக் கையாண்டவர்கள், ஒரே இயந்திரத்துக்குத் தொழிலாளர் வழக்கிலும் ஏட்டிலும் வெவ்வேறு பெயர்கள் இருந்தால் இரண்டையும் தேடலில் கிடைக்கச் செய்வது எப்படி என்று விளக்குங்கள். வாய்மொழி வரலாற்றுக்கான ஒப்புதல் படிவ மாதிரி வைத்திருப்போர் அன்புகூர்ந்து பகிருங்கள். மூத்த தொழிலாளர்கள் சிலரின் குரல்பதிவை அடுத்த மாதமே தொடங்க விரும்புகிறோம்.