ஹால்ல மாட்ட சைனீஸ் லாந்தர் படம் வாங்கணும், என்ன பாத்து வாங்கறது?

தேக்கா_மல்லி:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம்தான் சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்ல நாலு ரூம் பிளாட்டுக்கு மாறினோம், வாடகை வீடுதான், சோபாவுக்கு மேல செவுரு மொட்டையா கெடக்கு. சின்ன வயசுல சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் போறப்பல்லாம் பக்கத்து தெருவுல தொங்கற செவப்பு லாந்தருங்கள வாயத் தொறந்து பாத்துட்டே நிப்பேன், அம்மா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவாங்க, அதனால அந்த மாதிரி ஒரு பெரிய படம் மாட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆன்லைன்ல தேடுனா வந்துட்டே இருக்கு, பாதி ஒரே மாதிரி. அதுல ஒண்ணு புடிச்சிருக்கு, ஒரு பழைய வாசல், ரெண்டு பக்கமும் வெள்ளை லாந்தர், அதுல நீலத்துல ஆளுக்கொரு சீன எழுத்து. எங்க சோபாவும் நீலம், அம்சமா இருக்கும். கேன்வாஸ் பிரின்ட், 24க்கு 36 இன்ச், 89 வெள்ளி. வீட்டுக்காரர் "வெளக்குதானே, வாங்கிக்கோ"ன்னுட்டார். வாங்கிடவா? இன்னொண்ணு, அந்த செவுத்துல சாயங்கால வெயில் நேரா அடிக்கும், ஓட்டை போடவும் ஓனர் விடமாட்டாரு.

கீழ்வீட்டு_கோப்பி:
அக்கா ஆர்டர் பண்ணிடாதீங்க, மொதல்ல அந்த எழுத்து என்னன்னு கேளுங்க!! சீனர் வீட்டு சாவு பிளாட்டுக்குக் கீழ இருக்கற வாய்ட் டெக் தெறந்த எடத்துல நடக்கறப்போ பாத்திருப்பீங்கல்ல, வெள்ளை லாந்தர் ஜோடியா தொங்கும். அதுல "தியென்"னு ஒரு எழுத்து இருந்துச்சுன்னா அது செத்தவங்களுக்கு அஞ்சலி செலுத்துற எழுத்து. வெள்ளை, நீலம், வாசல், ஜோடி, எல்லாம் சேந்து வருதுன்னா எனக்கு அப்படித்தான் தோணுது. நாளைக்கு பக்கத்து வீட்டு ஆன்ட்டி முறுக்கு வாங்க உள்ள வந்து இதப் பாத்தா என்ன நெனப்பாங்க, நம்ம வீட்டு ஹால்ல சங்கு ஊதற படத்த மாட்டுன மாதிரி.

அதுக்காக வெள்ளைன்னாலே சாவுன்னு இல்ல, மூன்கேக் சீசன்ல புள்ளைங்க தூக்கிட்டுப் போற முயல் லாந்தர் வெள்ளைதான். கல்யாணத்துக்குன்னா ஒரே எழுத்த பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்ச மாதிரி ஒண்ணு வரும், இரட்டை சந்தோஷம்னு அர்த்தம். "ஃபூ"ன்னா பாக்கியம், அத சில சமயம் வேணும்னே தலைகீழா ஒட்டுவாங்க, தலைகீழ்ங்கறதுக்கும் வந்துசேந்துச்சுங்கறதுக்கும் அவங்க பாஷைல ஒரே சத்தம்.

அப்புறம் நீங்க சொன்ன கோயில் பக்கத்து தெரு, பகோடா ஸ்ட்ரீட், அந்தப் பேரே நம்ம மாரியம்மன் கோயில் கோபுரத்த வெச்சு வந்ததுதான் தெரியுமா 😀

பினாங்கு_பையன்:
எழுத்து விஷயத்துல நான் பட்டுட்டேன், சொல்லிடறேன். லாந்தர நாங்க இங்க தங்லுங்னு சொல்லுவோம். சீனப் பெருநாளுக்கு கெக் லோக் சி கோயில் முழுக்க வெளக்கு போட்டு நிக்கறத பாத்தா யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்துச்சு, அதே மாதிரி ஒரு பிரின்ட் வாங்குனேன். ஆறு மாசம் மாட்டிவெச்சு எல்லார்கிட்டயும் பெருமை வேற. ஒருநாள் கூட வேலை செய்யற சீன நண்பன் வந்தான், நின்னான், தலைய சாச்சு சாச்சுப் பாத்தான், அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சான். மொத்தப் படத்தையும் கண்ணாடில பாக்கற மாதிரி இடம் வலம் மாத்தி அச்சடிச்சிருக்கானுங்க! நமக்கு எங்க தெரியும். இப்ப கம்ப்யூட்டரே வரையற படங்கள் இன்னும் மோசம், எழுத்து மாதிரி இருக்கும், எழுத்தே இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி போட்டோவ சீனம் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அனுப்புங்க, ரெண்டு நிமிஷ வேலை.

பிரஷ்ஷும்_தூரிகையும்:
நான் பிரேம் கடைல கொஞ்ச வருஷம் வேலை பாத்தவ. 89 வெள்ளிக்கு யாரோ ஒருத்தர் போட்ட கிளிப்ஆர்ட்ட வாங்கறதுக்கு நெஜமான பழைய படத்த நீங்களே பிரின்ட் போட்டுக்கலாமே. தைபே அரண்மனை மியூசியம் அவங்க ஓவியங்கள ஆன்லைன்ல டவுன்லோட் பண்ணவே விடறாங்க, அதுல லீ சோங் பேர்ல இருக்கற லாந்தர் பாக்கற படம் ஒண்ணு இருக்கு. பெய்ஜிங் நேஷனல் மியூசியத்துல இருக்கற 1485ஆம் வருஷ சுருள் ஓவியம் இன்னும் அமர்க்களம், மிங் ராஜா லாந்தர் பண்டிகைய அரண்மனைக்குள்ளயே கொண்டாடறார், புள்ளைங்க வெளக்க தூக்கிட்டு ஓடுது, பட்டாசு வெடிக்குது, லாந்தராலயே ஒரு மலை கட்டி வெச்சிருக்காங்க. நீளவாக்குல இருக்கறதால அதுல ஒரு துண்ட எடுத்தா சோபாவுக்கு மேல அப்படியே உக்காந்துக்கும்.

மேல்நாட்டு ஸ்டைல் வேணும்னா சார்ஜென்ட்ங்கற ஓவியர் 1885, 86ல இங்கிலாந்துல வரைஞ்சது இருக்கு, ரெண்டு பொண்ணுங்க தோட்டத்துல லாந்தர் ஏத்தறாங்க, இப்ப லண்டன் டேட் மியூசியத்துல. தேம்ஸ் ஆத்துல படகுல போறப்போ மரத்துல தொங்கின சைனீஸ் லாந்தரப் பாத்துட்டுதான் அந்த ஐடியாவே வந்துச்சாம். அந்தி வெளிச்சம் தெனம் சில நிமிஷம்தான் இருக்கும், அதுக்குள்ள கொஞ்சம் வரைவாராம், பூ வாடிப் போனதும் செயற்கைப் பூவ வெச்சு ஒப்பேத்தினார். மனுஷனோட பொறுமை!

அச்சு போடறதுன்னா 24க்கு 36க்கு கொறைஞ்சது 3600க்கு 5400 பிக்சல் வேணும், இல்லன்னா லாந்தர் ஓரமெல்லாம் பிசிறும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல பிரேம் கடைங்க இருக்கு, நேர்ல போய் பேப்பரத் தொட்டுப் பாருங்க. பிக்மென்ட் இங்க்தானான்னு கேட்டுக்கோங்க, சாதா டை இங்க்ல செவப்பு சீக்கிரம் வெளுத்துடும், லாந்தர் படத்துல செவப்பு போச்சுன்னா என்ன மிச்சம்? மேற்கு வெயில் அடிக்கற செவுத்துல நான் எதையும் மாட்ட மாட்டேன். பேப்பர்ல நெஜ பிரஷ் ஓவியம் வாங்குனா நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்சை புடிக்கும், செவுத்த ஒட்டி வைக்காம கொஞ்சம் காத்து போக எடம் விடுங்க.

தேக்கா_மல்லி:
ஐயோ நல்லவேளை!! படத்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கே அனுப்பிக் கேட்டேன், "அய்யா நோ நோ நோ லா"ன்னு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, எழுத்து அதேதானாம். வீட்டுக்காரர் இப்ப "நான் அப்பவே சொன்னேன்"ங்கறார். அந்த 1485 படத்த தேடிப் பாத்தேன், பட்டாசுக்கு காத பொத்திக்கிட்டு ஒரு பையன் இருந்தா அதத்தான் பெருசா பிரின்ட் போடுவேன், தேடிட்டு இருக்கேன். வெயில் அடிக்காத எதிர் செவுத்துக்கு மாத்திக்கறேன். ஆனா ஓட்டை போடாம எப்படி மாட்டறது?

கீழ்வீட்டு_கோப்பி:
கமாண்ட் ஸ்ட்ரிப்னு செவுத்துல ஒட்டற பட்டை இருக்கு, அது போதும் அக்கா, படத்த வெயிட் பாத்துட்டு பாக்கெட்ல எத்தன கிலோன்னு போட்டிருக்கோ அதுக்குள்ள இருக்கற மாதிரி வாங்குங்க. கண்ணாடி பிரேம் வேண்டாம், அக்ரிலிக் போடுங்க, லேசா இருக்கும். செவுத்துக்கு இப்பதான் பெயின்ட் அடிச்சாங்களா? அப்படின்னா 7 நாள் பொறுங்க, இல்லன்னா படத்தோட பெயின்ட்டும் சேந்து வந்துடும், அப்புறம் ஓனர்தான் உங்களுக்கு வெள்ளை லாந்தர் மாட்டுவாரு.